வயிறு உங்க கணக்கு

சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளைப் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் அப்படி. கையுறை கிழிந்திருந்தாலோ, கழிப்பறையில் தண்ணீர் வராவிட்டாலோ, மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு இருப்பார்கள். அவள் நேரே மேனேஜர் அறைக்குப் போய்க் கேட்பாள். கேட்டுவிட்டு வந்த கையோடு சிரித்துக்கொண்டே வேலையைப் பார்ப்பாள். அந்தப் பெயரில் யாருக்கும் பொல்லாப்பு இல்லை. பிரியமாக வைத்த பெயர் ஒரு டாக்டரின் அறிக்கையில் ஏறி உட்கார்ந்து தன்னையே கடிக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஆஸ்பத்திரிகளிலும் விடுதிகளிலும் இருந்து லாரி லாரியாக விரிப்புகள் அங்கே வரும். வெளுத்து, தேய்த்து, மடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அவளுக்குப் பெரிய இயந்திரத்தின் வாயிலிருந்து ஈரத் துணியை இழுத்துத் தள்ளுவண்டியில் போடுகிற வேலை. ஒரு நாள் விரிப்புகள் உள்ளே கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு வர மறுத்தன. காலை ஊன்றி இழுத்தாள். துணி வந்தது. கூடவே வலது தோளில் ஏதோ கழன்றது போலிருந்தது. கண்ணில் பூச்சி பறந்தது.

அந்தப் பிரிவுக்கு மேற்பார்வையாளர், அவள் புருஷனின் அக்கா. வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். வீட்டில் 'அண்ணி', கூடத்துக்குள் 'மேடம்'. அண்ணி ஓடிவந்து தோளைத் தொட்டுப் பார்த்தாள். முதலுதவி அலமாரியைத் திறந்து ஒரு வலி மாத்திரையை எடுத்துக் கையில் வைத்தாள்.

"இதைப் போட்டுக்கோ. லாரி வெளியில நிக்குது. இன்னிக்கு மட்டும் பல்லைக் கடிச்சிக்கோ."

அந்த 'இன்னிக்கு மட்டும்' மாதக்கணக்கில் நீண்டது. கம்பெனி டாக்டர் வாரம் ஒருமுறை வருவார். கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைதான், தினம் ஒரு மாத்திரை சாப்பிட்டபடி வேலை செய்யலாம் என்றார். விபத்துப் பதிவேட்டில் தோள் காயம் என்று ஏறியது. ஆனால் ஒரு மாத்திரையில் வலி எங்கே அடங்குகிறது? காலையில் ஒன்று, மதியம் ஒன்று, அவசரச் சுமை வந்தால் மேலே ஒன்று. அண்ணிதான் அலமாரியைத் திறந்து திறந்து கொடுத்தாள். நீராவிக்கு நடுவில் நிற்கிறவளுக்குப் பசி என்பதே செத்துப்போயிருந்தது. வெறும் வயிற்றில் மாத்திரையும் தேநீரும்தான் பாதி நாள்.

முதலில் நெஞ்சுக்குக் கீழே எரிந்தது. பிறகு முதுகுவரை குத்தியது. வெளிக்குப் போவது கருப்பாக இருந்தது. இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது என்று விட்டுவிட்டாள். ஒரு நாள் தேய்ப்பு உருளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவள், அப்போதுதான் மடித்த வெள்ளை விரிப்புகளின்மேல் காப்பித்தூளைக் கரைத்துக் கொட்டியது போல வாந்தி எடுத்துவிட்டு விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் வாய்வழியாகக் குழாய் விட்டு, ரத்தம் கசிந்த இடத்தை அடைத்தார்கள். பிறரின் ரத்தத்தை ஏற்றினார்கள். கண் விழித்ததும் அங்கிருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வலி மாத்திரை எவ்வளவு காலமா சாப்பிடுறீங்க?"

"தோள் போனதுலேருந்து."

"இனி தொடக்கூடாது," என்றார் அவர். அதற்குமேல் பேச அவருக்கு நேரமில்லை.

நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டார்கள். தோளுக்கு இன்சூரன்ஸ்காரர்கள் தகராறில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். வயிற்றைத் தொடவே மாட்டோம் என்றார்கள். இன்சூரன்ஸ் அலுவலகத்து அதிகாரி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ரொம்பவும் மரியாதையாகப் பேசினான்.

"தோள்பட்டை எங்க கணக்கும்மா. வயிறு உங்க கணக்கு."

"ரெண்டும் ஒரே உடம்புலதானே இருக்கு?"

"விபத்து தோள்லதானே நடந்துது? வயித்துல எதுவும் விழலையே?"

அவன் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தான். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. பக்கத்தில் நின்ற புருஷன் அவள் முழங்கையைப் பிடித்தான். அவன் பேருந்து ஓட்டுகிறவன். நாள் முழுக்க எல்லோருக்கும் வழிவிட்டு வழிவிட்டு, வீட்டிலும் அதே பழக்கமாகிவிட்டவன்.

"வா, போலாம். மேல எழுதிப் பாப்போம்."

மேலே எழுதியதும் இன்சூரன்ஸ்காரர்கள் தங்கள் டாக்டரிடம் மதிப்பீட்டுக்கு அனுப்பினார்கள். குளிரூட்டிய அறை. மேசைமேல் பிளாஸ்டிக்கில் செய்த ஒரு இரைப்பை, பாதி திறந்து, உள்ளே சிவப்புப் புள்ளிகளோடு இருந்தது. டாக்டர் கணினியைப் பார்த்தபடியே கேட்டார்.

"சிகரெட்?"

"இல்ல."

"குடி?"

"இல்ல."

"காரம் அதிகம் சேர்ப்பீங்களா?"

"எல்லாரும் சேர்க்கற அளவுதான்."

"வீட்டுக்காரரோட சண்டை சச்சரவு?"

"எந்த வீட்டுல இல்ல?"

அதைத் தட்டச்சு செய்தார்.

"வயித்தெரிச்சல் உண்டா?"

"இங்க வந்து உக்காந்ததுலேருந்து இருக்கு டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. அதையும் தட்டச்சு செய்தார். அவளைப் படுக்கச் சொல்லவில்லை. வயிற்றில் கை வைக்கவில்லை. மாத்திரையைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். தினம் ஒன்றா என்றார். இல்லை, மூன்றுகூட ஆகும் என்றாள். "கம்பெனி பதிவுல ஒண்ணுன்னுதான் இருக்கு," என்று சொல்லி அடுத்ததற்குப் போய்விட்டார்.

அறிக்கை வந்தது. தொழிற்சங்கத்து வக்கீலம்மா தன் சின்ன அலுவலகத்தில் அதை உரக்கப் படித்தாள். வக்கீலம்மாவுக்கு எப்போதும் தொண்டை கட்டிய குரல்.

"'மனுதாரர் இயல்பிலேயே கோபக்காரர். சக ஊழியர்கள் இவரைப் பட்டாசு என்று அழைக்கும் அளவுக்கு. மேற்பார்வையாளரும் இதை உறுதிப்படுத்துகிறார். குடும்பத்தில் பூசல் இருப்பதை அவரே ஒப்புக்கொண்டார். வயிற்றில் புண் உண்டாக்கும் கிருமி இருப்பது பரிசோதனையில் தெரிகிறது. கூடுதல் மாத்திரைகள் சாப்பிட்டிருந்தால் அவரே கடையில் வாங்கியிருக்க வேண்டும். புண்ணுக்கும் வேலைக்கும் தொடர்பில்லை.'"

வக்கீலம்மா தாளை மேசைமேல் வைத்தாள்.

"மேற்பார்வையாளர்னா யாரு?" என்று அவள் புருஷனைப் பார்த்துக் கேட்டாள். "சொல்லுங்க. யாரு?"

"அக்கா ஏதோ சாதாரணமா பேசியிருப்பா. அவங்க அதைத் திரிச்சி எழுதியிருப்பாங்க."

"நான் கோபக்காரின்னு சாதாரணமா பேசத் தெரிஞ்சுது. மாத்திரை கொடுத்ததைச் சாதாரணமா சொல்லத் தெரியலயா?"

வக்கீலம்மா கையமர்த்தினாள். "விசாரணையில இந்தக் குரல் வரக்கூடாது. நீங்க கோபப்பட்டீங்கன்னா அவங்க எழுதினது நிஜமாயிடும்."

"படலன்னா?"

"படலன்னா பொறுமைசாலின்னு பேரு."

"பொறுமையா இருந்துதான் மேடம் அந்த மாத்திரையெல்லாம் முழுங்கினேன். அன்னிக்கே கத்தியிருந்தா வயிறாவது மிஞ்சியிருக்கும்."

வக்கீலம்மா வழக்கைக் கொண்டுபோயிருந்த தொழிலாளர் தீர்ப்பாயம் தன் தரப்பில் இன்னொரு டாக்டரை அமர்த்தியது. நரைத்த தலையைக் குட்டையாக வெட்டிக்கொண்ட பெண்மணி. படுக்க வைத்து அழுத்திப் பார்த்தார், தோளைச் சுழற்றிப் பார்த்தார், முதல் ஆஸ்பத்திரியில் எடுத்த படங்களை விளக்கொளியில் வைத்து நிதானமாகப் பார்த்தார். கோபத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கோபத்தால வந்ததுன்னு எழுதியிருக்காங்களே டாக்டர்?" என்று இவளாகவே கேட்டாள்.

"கோபத்தால புண் வரும்னா இந்த ஊர்ல ஒருத்தருக்கும் இரைப்பையே இருக்காது," என்றார் அவர். பிறகு, "உங்களுக்குப் பிடிக்காததையும் சொல்லிடறேன். கிருமி இருக்கறது உண்மை. அதை நான் மறைக்க முடியாது. ஆனா அது நெறைய பேர் வயித்துல சும்மா கிடக்கும். அதுமேல வலி மாத்திரையைக் கொட்டினா ரெண்டும் கூட்டு சேர்ந்துக்கும். தினம் ஒண்ணுன்னா ஒரு மாதிரி எழுதுவேன். மூணுன்னா வேற மாதிரி எழுதுவேன். அதுவும் தோள் வலிக்காக வேலையிடத்துல கொடுத்த மாத்திரைன்னா, வயிறும் அந்த விபத்தோட சேர்ந்ததுதான். ஆனா அதுக்குச் சாட்சி வேணும். உங்க வாய் வார்த்தை பத்தாது."

சாட்சி யார் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த விடுமுறை நாளில் புருஷனிடம்கூடச் சொல்லாமல் அண்ணி வீட்டுக்குப் போனாள்.

அண்ணி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லாதவள். கல்லூரியில் படிக்கிற ஒரே மகள் உள் அறையில் இருந்தாள். அண்ணி மகளை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"நீ என்ன விஷயமா வந்தேன்னு தெரியும். என்னால முடியாது."

"உண்மையைச் சொல்ல முடியாதா?"

"பதிவுல தினம் ஒண்ணுன்னு எழுதினது என் கை. மூணு கொடுத்தேன்னு சொன்னா அன்னிக்கே என்னை வெளியே அனுப்புவாங்க. இந்த வயசுல எனக்கு யார் வேலை தருவா?"

"நான் செத்திருந்தா?"

"சாகலையே."

அந்தச் சொல் அண்ணிக்கே சுட்டிருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவளுக்கும் கோபம் வந்தது.

"நானா உன் வாயில திணிச்சேன்? வலிக்குது அண்ணின்னு நீ வந்து நிப்ப. நான் பார்த்துக்கிட்டு இருக்கணுமா? கொடுத்தா குத்தம், கொடுக்காட்டி கல்நெஞ்சுக்காரி. வீட்டுக்குப் போடின்னு சொல்லியிருக்கணும், சொல்லியிருந்தா அன்னிக்கே உன் வேலை காலி. அதையும் யோசிச்சிதான் கொடுத்தேன்."

"யோசிச்சீங்க. சரி. அந்த டாக்டர்கிட்ட என்னைப் பத்திச் சொன்னதையும் யோசிச்சிதான் சொன்னீங்களா?"

அண்ணி தைலப் புட்டியை மூடினாள். மூடி சரியாக உட்காராமல் திருகிக்கொண்டே இருந்தாள்.

"இனிமே எனக்கு நீங்க மேடமும் இல்ல, அண்ணியும் இல்ல," என்று சொல்லிவிட்டு இவள் வெளியே வந்தாள். தெருமுனை வருவதற்குள் வயிறு பிசைந்தது. ஒரு கடை வாசலில் குனிந்து நின்று அடங்கும்வரை காத்திருந்தாள். கோபப்படக்கூட இந்த உடம்பு விடமாட்டேன் என்கிறதே என்று அதன்மேலும் கோபம் வந்தது.

விசாரணை அறை பள்ளிக்கூட வகுப்பறை அளவுதான் இருந்தது. தலைமை அதிகாரி மேசைக்குப் பின்னால் இருந்தார். வக்கீலம்மா சம்மன் அனுப்பியிருந்ததால் அண்ணி வந்திருந்தாள். நல்ல உடுப்பு, வாரி முடித்த தலை. தம்பியைப் பார்த்துத் தலையாட்டினாள். அவன் எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் பாதியில் நின்றான்.

வக்கீலம்மா முதலில் கேட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை கொடுத்தீர்கள்?

"பதிவுல இருக்கறதுதான்."

"அதுக்கு மேல கொடுத்ததே இல்லையா?"

"ஞாபகம் இல்ல."

பட்டாசு நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். வக்கீலம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பேசாதே என்று அர்த்தம். பேசவில்லை. 

பிறகு கம்பெனி தரப்பு வக்கீல் எழுந்தான். இளவயதுக்காரன், நல்ல கெட்டிக்காரன். காரியம் முடிந்துவிட்டது என்று உட்கார்ந்திருந்தால் முடிந்துதான் இருக்கும். ஆனால் ஓட்டை எதுவும் மிச்சம் வைக்கக் கூடாது என்று நினைத்தான்.

"அலமாரிச் சாவி உங்ககிட்ட மட்டும்தான் இருந்தது, இல்லையா?"

"ஆமா."

"அப்ப ஒருவேளை கூடுதலா மாத்திரை போயிருந்தா, அது நீங்க உறவுமுறையில, கம்பெனி அனுமதி இல்லாம, உங்க இஷ்டத்துக்குக் கொடுத்ததாத்தான் இருக்கும். அப்படித்தானே? நிறுவனத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை."

அண்ணி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அறைக்குப் பின்வரிசையில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அவரையும் பார்த்தாள். அவர் கைப்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் இஷ்டத்துக்கா?" என்றாள் அண்ணி.

"அப்படித்தானே இருக்கணும்?"

"பெட்டி பெட்டியா மாத்திரை வாங்கி அடுக்கினது யாரு? என் வீட்டுக் காசுலயா வாங்கினேன்? காயம்பட்டு யாரும் லீவு போட்டாங்கன்னு மேல தெரியக்கூடாது, மாத்திரை கொடுத்து ஓட்டுன்னு சொன்னது அதோ பின்னாடி உக்காந்திருக்காரே, அவரு. ஒண்ணுன்னு எழுதச் சொன்னதும் அவருதான். இவளுக்கு மட்டுமா கொடுத்தேன்? கூடத்துல பாதிப் பேருக்குக் கொடுத்திருக்கேன். எனக்கு உறவு ஒருத்திதான். மத்தவங்கல்லாம் எனக்கு என்ன முறை?"

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதிகாரி அவனை உட்காரச் சொன்னார். "இவங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கொடுத்தீங்கம்மா?"

"ரெண்டு. லாரி காத்திருந்தா மூணு. லாரி எப்பவும் காத்துக்கிட்டுதான் இருக்கும்."

வெளியே நடைபாதையில் புருஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவையும் பெண்டாட்டியையும் ஒரு கடைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற முகத்தோடு இரண்டு பேருக்கும் நடுவில் நின்றான்.

"உனக்காகச் சொன்னேன்னு நெனச்சிக்காத," என்றாள் அண்ணி.

"நெனைக்கல. பழியை உங்க தலைமேல வெச்சதும்தான் உங்களுக்கு ஞாபகம் வந்துது."

"ஆமா. அப்பதான் வந்துது."

"வாங்களேன், ஆளுக்கு ஒரு தேநீர்..." என்று அவன் இழுத்தான்.

"நீங்க சும்மா இருங்க," என்றாள் இவள். "நீ சும்மா இருடா," என்றாள் அண்ணி. இரண்டு பேரும் ஆளுக்கொரு படிக்கட்டில் இறங்கிப்போனார்கள். அவன் எந்தப் பக்கம் போவதென்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பெண்டாட்டி பின்னால் ஓடினான்.

தீர்ப்பு சாதகமாக வந்தது. வயிற்றுப் புண், தோள் காயத்துக்குக் கொடுத்த சிகிச்சையின் விளைவு என்று ஏற்றுக்கொண்டார்கள். கிருமிக்கென்று ஒரு பங்கைக் கழித்துக்கொண்டார்கள். நரைத்த தலை டாக்டர் எழுதியதும் அப்படித்தான். நியாயம்தான் என்று வக்கீலம்மா சொன்னாள். பட்டாசுக்கு அது நியாயமாகப் படவில்லை. கிருமி தன்பாட்டுக்குக் கிடந்தது, அதை எழுப்பிவிட்டது யார் என்று கேட்டாள். அதற்குள் வக்கீலம்மா அடுத்த வழக்கின் காகிதக் கட்டை எடுத்துவிட்டிருந்தாள்.

கம்பெனி, மேனேஜரை வேறு கிளைக்கு மாற்றியது. அண்ணியை மேற்பார்வையிலிருந்து இறக்கி, ஆஸ்பத்திரி அழுக்குத் துணி பிரிக்கிற இடத்தில் போட்டது. ரத்தமும் மலமும் ஒட்டிய விரிப்புகளை நாள் முழுக்க நின்றுகொண்டே பிரிக்கிற வேலை. புருஷன் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "அப்படியா?" என்று மட்டும் கேட்டாள். உள்ளே திருப்தி வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. ஆத்திரம்தான் இன்னும் கொஞ்சம் அகலமானது. மாத்திரை வாங்கி அடுக்கியவனுக்கு இடமாற்றம், எடுத்துக் கொடுத்தவளுக்கு மலம்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் அண்ணியின் மகள் போன் செய்தாள். "மாமி, அம்மா ராத்திரியிலேருந்து சுருண்டு படுத்திருக்கு. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்குது. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லுது. அதான் சொல்றேன்."

புருஷன் வண்டியோட்டப் போயிருந்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அண்ணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முகம் சாம்பல் மாதிரி வெளுத்திருந்தது.

"வெளிக்குப் போறது கருப்பா இருக்கா?"

அண்ணி சுவரை விட்டுத் திரும்பவில்லை.

"கேக்கறேன்ல? கருப்பா இருக்கா?"

"இருக்கு."

"என்ன சாப்பிட்டீங்க?"

"முழங்காலுக்கு... அதே மாத்திரைதான்."

"எவ்வளவு காலமா?"

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். "உனக்குக் கொடுக்கறதுக்கு ரொம்ப முன்னாடியிலேருந்து. எனக்கு ஒண்ணும் ஆகலையே, உனக்கும் ஆகாதுன்னு நெனச்சேன்."

இவளுக்கு அடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் கையை நீட்டி அண்ணியின் அக்குளுக்குக் கீழே கொடுத்து, நல்ல தோளில் சுமையைத் தாங்கி, எழுப்பி உட்கார வைத்தாள்.

"எழுந்திருங்க. எனக்கு நடந்ததையெல்லாம் கண்ணால பார்த்துட்டு அதையே திங்கறீங்கன்னா உங்களுக்கு என்ன புத்தி? விரிப்பு மேல நான் வாந்தி எடுத்தப்ப துடைச்சது நீங்கதானே? என்ன நிறத்துல இருந்துதுன்னு பார்க்கலயா? இதுல என்கிட்ட சொல்லக்கூடாதுன்னு ரோஷம் வேற. கையை மேல போடுங்க. இந்தப் பக்கம் இல்ல, அந்தத் தோள் ஆகாது."

வாடகை வண்டியிலும் திட்டினாள். ஆஸ்பத்திரி வாசலிலும் திட்டினாள். ஓட்டி வந்தவன் கண்ணாடியில் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். சீட்டு எழுதுகிற இடத்தில் உட்கார்ந்திருந்த பெண், நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டாள்.

"தம்பி பெண்டாட்டி," என்றாள் அண்ணி, மெல்லிய குரலில்.

"எப்படி வந்துது, வீட்டுலயா வேலையிடத்துலயா?"

அண்ணி வீட்டில் என்று சொல்ல வாயெடுத்தாள். இவள் குறுக்கே புகுந்தாள். "வேலையிடத்துல. நாள் முழுக்க நின்னு முழங்கால் போய், அங்க வாங்கி வெச்ச மாத்திரையைச் சாப்பிட்டு வந்தது. அப்படியே எழுதுங்க."

அந்தப் பெண் எழுதினாள். இவள் அவள் தோளுக்கு மேலாக எட்டி, எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். சக்கர நாற்காலி வந்தது. அண்ணி அதில் உட்கார்ந்து, சிரமப்பட்டுத் தலையைத் தூக்கினாள்.

"என்னால கோர்ட்டு வாசலெல்லாம் ஏற முடியாது."

"ஏறுவீங்க. நான் ஏத்துவேன்," என்று சொல்லிவிட்டு, பணிப்பெண் நாற்காலியைத் தள்ளத் தொடங்கியதும் அண்ணியின் பையை எடுத்துக்கொண்டு கூடவே நடந்தாள்.